முதலில் நம்மவர் என்ற புதுக் கட்டளை

அன்புக்கும் ஒரு வரிசை உண்டாம். முதலில் குடும்பம், அடுத்து சபை, பிறகு சொந்த ஊர், சொந்த நாடு. இத்தனை பேருக்கும் செய்து முடித்து, கையில் ஏதாவது மிஞ்சினால் வெளியார். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இன்று மறுபேச்சின்றி ஏற்கும் கருத்து இது. 2025 ஜனவரி இறுதியில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், குடியேறிகளை வெளியேற்றும் கொள்கை பற்றிய விவாதத்தின் நடுவே, தொலைக்காட்சியில் இதைப் பழைய கிறிஸ்தவப் போதனை என்று முன்வைத்தார். பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், நல்ல சமாரியன் உவமையைக் காட்டி அன்பின் உண்மையான ஒழுங்கு எது என்று திருத்தினார். வான்ஸும் கத்தோலிக்கர்தான். ஆனாலும் போப் சொன்னதைவிட அவர் சொன்னதே நடைமுறை அறிவு என்று தலையாட்டியவர்கள் ஏராளம்.

நம் ஊரில் இதற்கு இறையியல் விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்ற ஒரு பழமொழியே போதும். வெள்ள நிவாரணத்துக்குப் பணம் ஒதுக்கச் சேகரக் கமிட்டி கூடினால், “முதல்ல நம்ம சபை ஜனங்களைப் பாருங்க ஐயா” என்று ஒரு குரல் எழும். அதை யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டிய குரல் அது.

எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். அவர்கள் வெறுங்கையோடு வாதாட வரவில்லை. சொந்த வீட்டாரைக் கவனியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் (5:8). நன்மை செய்வதில் விசுவாச வீட்டாருக்குத் தனி இடம் கொடுக்கிறது கலாத்தியர் நிருபம் (6:10). எல்லோருக்கும் எல்லாம் செய்ய முடியாது, அருகிலிருப்பவரைக் கவனி என்றார் அகுஸ்தீன். அன்பில் ஒழுங்கு உண்டு என்று ஒரு முழு வினாவையே எழுதினார் தாமஸ் அக்வினாஸ். இவற்றோடு நடைமுறை நியாயம் ஒன்றும் உண்டு: மனிதகுலத்தை நேசிப்பதாகப் பேசிக்கொண்டு பெற்ற தாயைப் பட்டினி போடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று ஆலயத்துக்கு நேர்ந்துவிட்டுக் கைகழுவியவர்களை இயேசுவே கண்டித்தார் (மாற்கு 7).

ஆகவே குடும்பக் கடமை உண்டா என்பது இங்கே வழக்கே இல்லை. உண்டு. அந்தக் கடமையிலிருந்து ‘மற்றவர் காத்திருக்கட்டும்’ என்ற தீர்ப்பு எப்படிப் பிறந்தது என்பதே வழக்கு. அந்தத் தீர்ப்பு வேதத்திலும் இல்லை, அதன் ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டும் ஆசிரியர்களிடமும் இல்லை. என் ஆட்சேபங்கள் ஏழு.

1. வரிசை சரியென்றால் ஆசாரியன் குற்றமற்றவன்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி கேட்டது எல்லைக்கோட்டை. அன்புகூர வேண்டிய கடமை எந்த ஆளோடு முடிகிறது என்று அவன் தெரிந்துகொள்ள விரும்பினான். அவனுக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை நம் வரிசைக்காரர்களின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழி ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஆளரவமற்ற பாலைப் பள்ளத்தாக்கு, கள்ளர் பதுங்க வசதியான இடம். அந்த வழியே வந்த ஆசாரியனுக்கு வீட்டில் மனைவி மக்கள் இருந்திருப்பார்கள். லேவியனுக்கு ஆலயப் பணி இருந்தது. அடிபட்டுக் கிடப்பவன் யாரென்று இருவருக்கும் தெரியாது. தெரியாதவனுக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்துத் தன் வீட்டாரை அநாதையாக்குவது முறையா? வரிசைக் கொள்கைப்படி முறையில்லை. அப்படியானால் விலகிப்போன இருவரும் பொறுப்பான குடும்பத் தலைவர்கள். கதையில் தவறு செய்தவனே இல்லாமல் போகிறான்.

சமாரியனின் நிலை அதைவிட மோசம். அவன் வரிசையில் அடிபட்டவன் கடைசி ஆள், பகை இனத்தான். அவனுக்காக எண்ணெயும் திராட்சரசமும் செலவழித்து, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். அது கூலியாளுக்கு இரண்டு நாள் சம்பளம். அதோடு நிறுத்தாமல், மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வரம்பில்லாத வாக்கும் கொடுக்கிறான். அந்தப் பணம் அவன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது என்று யாராவது அவனைத் தடுத்திருக்கலாம். தடுத்தவனாக இயேசு யாரையும் காட்டவில்லை. மீறியவனையே முன்மாதிரியாக நிறுத்தினார். வரிசையே கிறிஸ்தவப் போதனை என்பவர்கள், கிறிஸ்துவின் கதாநாயகன் ஏன் அதை மீறுகிறான் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2. பழைய கட்டளை சொந்த இனத்துக்கு மட்டும் என்பது அரை வாசிப்பு.

பிறனிடத்தில் அன்புகூரும் கட்டளை முதலில் வருவது லேவியராகமம் 19:18இல். அங்கே பிறன் என்பவன் சக இஸ்ரவேலன் என்று வாதிடலாம். அந்த வசனத்தின் சூழல் அதற்கு இடம் தருகிறது. பதினாறு வசனம் தள்ளிப் போங்கள். தேசத்தில் வந்து தங்கிய அந்நியனையும் அதே அளவுகோலால், தன்னைப்போலவே, நேசிக்கச் சொல்கிறது 34ஆம் வசனம். காரணமும் தருகிறது: எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள். சொந்த இனத்தானுக்கும் அந்நியனுக்கும் ஒரே அதிகாரத்தில் ஒரே அளவு.

மிஞ்சினால் தருவது என்ற எண்ணத்தையும் அதே அதிகாரம் உடைக்கிறது. வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்ததை எடுக்காதே. அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியவை. விளைச்சல் வீடு சேர்ந்து, குதிர் நிரம்பி, வீட்டார் உண்டபின் எஞ்சியதை அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. அறுவடை வீட்டுக்கு வருமுன்பே அந்நியனின் பங்கு வயலில் நின்றுவிடுகிறது. ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை கொண்டாடும் சபைகள் இந்தச் சட்டத்தைப் பிரசங்கத்தில் தொடாமலே தாண்டிப் போவது வியப்பு.

3. தீமோத்தேயு நிருபத்தை எட்டாம் வசனத்தில் மூடிவைக்காதீர்கள்.

அந்த அதிகாரம் பேசுவது சபையின் விதவைகள் பட்டியலைப் பற்றி. அறுபது வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க வேண்டாம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ள விதவையை அவர்களே பராமரிக்கட்டும் என்று ஒழுங்குகள் வருகின்றன. ஏன் இந்தக் கண்டிப்பு? 16ஆம் வசனம் சொல்கிறது: சபையின் மேல் பாரம் விழாமல், உண்மையிலேயே ஆதரவற்ற விதவைகளுக்கு அது உதவும்படி.

கவனியுங்கள். வீட்டாரைக் கவனி என்ற கட்டளையின் நோக்கமே, வீடில்லாதவளுக்குப் பொதுப்பணம் போய்ச் சேர வேண்டும் என்பது. வசதியுள்ள மகன் தன் தாயைச் சபையின் தலையில் கட்டினால், யாருமற்ற கிழவியின் சோறு குறையும். அதைத் தடுக்கவே எட்டாம் வசனம் அவ்வளவு கடுமையாக எழுதப்பட்டது. யாருமற்றவளைக் காக்க எழுதிய வரியை எடுத்து, யாருமற்றவளை வாசலில் நிறுத்தப் பயன்படுத்துவதைவிடப் பெரிய புரட்டு உண்டா?

4. விசுவாச வீட்டார் என்று பவுல் சொன்னதை, பவுல் செய்ததோடு சேர்த்து வாசியுங்கள்.

கலாத்தியர் 6:10இன் முதற்பாதி யாவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. பிற்பாதி விசுவாசிகளை விசேஷமாகக் குறிப்பிடுகிறது. நம் கமிட்டிகளில் பிற்பாதி மட்டுமே ஒலிக்கும். சரி, பிற்பாதியையே எடுத்துக்கொள்வோம். பவுல் ஆண்டுக்கணக்கில் சபை சபையாகச் சேர்த்த காணிக்கை யாருக்குப் போனது? எருசலேமின் ஏழைகளுக்கு. கொடுத்தவர்கள் யார்? மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த புறஜாதியார். விசுவாசத்தால் ஒரே வீடு, உண்மைதான். ஆனால் இனத்தால், மொழியால், பந்தி வழக்கத்தால் அவர்களுக்கு எருசலேம் யூதரைவிடத் தூரத்து ஆள் கிடையாது. பவுலின் கையில் ‘வீட்டார்’ என்பது இனச் சுவரை இடித்த சொல். நம் கையில் அது சுவர் எழுப்பப் பயன்படுகிறது.

அந்த மக்கெதோனியர் மிஞ்சியதையும் கொடுக்கவில்லை. கொடிய வறுமையில் இருந்துகொண்டு, தங்கள் சக்திக்கு மேலாக, கெஞ்சிக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் சாட்சி சொல்கிறது.

5. அகுஸ்தீனும் அக்வினாஸும் எதிர்த்தரப்புச் சாட்சிகள் இல்லை.

கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலின் முதல் பகுதியில் அகுஸ்தீன் சொல்வது: எல்லோரையும் சமமாக நேசிக்க வேண்டும், எல்லோருக்கும் உதவ இயலாததால் இடத்தாலும் காலத்தாலும் சூழலாலும் உனக்கு நெருக்கமாக வந்தவர்களைக் கவனி. இருவர் வந்து நிற்க, ஒருவருக்கே கொடுக்கப் பொருள் இருக்கும் சூழலை அவர் உதாரணமாக வைக்கிறார். அதில் அவர் முன்கூட்டியே ஒரு நிபந்தனை போடுகிறார்: இருவருடைய தேவையும் சமம், இருவருடைய உறவும் சமம். அப்போது சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல, வாழ்க்கை உன் அருகே கொண்டுவந்தவரைச் சீட்டு விழுந்தவராக எடுத்துக்கொள் என்கிறார். உறவுக்காரன் உயர்ந்தவன் என்று இதில் எங்கே வந்தது? இடத்தால் நெருங்கியவன் என்றால், எரிகோ சாலையில் உன் காலடியில் கிடப்பவனைவிட நெருங்கியவன் யார்?

அக்வினாஸ் இன்னும் வெளிப்படை. இறையியல் தொகுப்பில் நன்மை செய்வதைப் பற்றிய வினாவில், நெருக்கமானவர்களுக்கு முதலிடம் தந்துவிட்டு உடனே விலக்கையும் எழுதுகிறார்: உயிர்போகும் நெருக்கடியில் இருக்கும் அந்நியனுக்கும், அவ்வளவு நெருக்கடி இல்லாத சொந்தத் தகப்பனுக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், அந்நியனுக்கே முதலில் உதவ வேண்டும். சொந்தத் தகப்பனையே தள்ளிவைக்கச் சொன்னவரை ‘நம்மவர் முதலில்’ கட்சியின் தலைவராக்கியது, அவரை வாசிக்காதவர்களின் துணிச்சல்.

6. ‘கையில் இருப்பது கொஞ்சம்’ என்ற வாதம் தன்னையே வெட்டுகிறது.

வளம் குறைவு என்பது உண்மை. குறைவாக இருக்கும்போதுதான் எதை வைத்து வரிசைப்படுத்துவது என்ற கேள்வி கூர்மையாகிறது. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவர் ஒருவர், நோயாளிகள் முப்பது பேர். அங்கே மருத்துவரின் சொந்தக்காரருக்கு முதலிடமா, மூச்சுத் திணறுகிறவருக்கா? வளம் குறையக் குறைய, தேவைதான் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். உறவு அங்கே ஊழல்.

இதில் ஒரு கைவித்தையும் நடக்கிறது. மேடையில் பேசும்போது குடும்பம் என்றால் சோறு, மருந்து, பள்ளிக் கட்டணம். வீட்டுக்கு வந்து கணக்குப் போடும்போது குடும்பம் என்றால் மகளின் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் பந்தி, மாடிக்கு மேல் மாடி. முதலாவதை வைத்து வாதம், இரண்டாவதற்குச் செலவு. சபைக்கும் இதே கதை: நம் சபை ஏழைகள் என்று பேச்சு, பளிங்குத் தரைக்கும் புதுக் கோபுரத்துக்கும் காசு. தீமோத்தேயு நிருபம் விதவையின் உணவைப் பற்றிப் பேசுகிறது. அந்த வசனத்தை மாடிப்படிக் கைப்பிடிக்குக் காவல் வைக்க முடியாது. ‘மிஞ்சினால்’ என்பது இப்படித்தான் ஒருநாளும் வராத நாளாகிறது. விருந்து வைத்தால் நண்பரையும் உறவினரையும் பணக்கார அயலாரையும் விட்டுவிட்டு, திரும்பச் செய்ய முடியாதவர்களை அழைக்கச் சொன்ன இயேசு (லூக்கா 14) இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்.

7. ‘நம்மவர்’ என்ற வட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை, சுருங்கிக்கொண்டே போகும்.

வரலாறு இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. 1933இல் ஜெர்மனியில், யூத வம்சாவளியினரைத் திருச்சபைப் பொறுப்புகளிலிருந்து நீக்கும் ஆரியர் விதியைப் பிரஷ்யத் திருச்சபை ஏற்றது. மார்ட்டின் நீமோலர் முதலான போதகர்கள் அதை எதிர்த்துத் திரண்டார்கள். துணிச்சலான எதிர்ப்புதான். ஆனால் அந்த எதிர்ப்பின் மையம், ஞானஸ்நானம் பெற்ற யூதர்களுக்கும் யூத வம்சப் போதகர்களுக்கும் உள்ள உரிமை. நம்மவர். ஞானஸ்நானம் பெறாத யூதர்? அதே ஆண்டில் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஒரு கட்டுரையில், பாதிக்கப்பட்டவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் திருச்சபைக்கு அவர்களிடம் நிபந்தனையற்ற கடமை உண்டு என்று எழுதினார். கேட்டவர் சிலரே. எதிர்ப்பாளர்கள் 1934 மே மாதத்தில் வெளியிட்ட பார்மென் பிரகடனத்தில் யூதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வரைந்ததில் முதன்மையானவரான கார்ல் பார்த் பிற்காலத்தில் அதைத் தன் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். நம்மவரை முதலில் காப்போம் என்று தொடங்கியவர்களின் இயக்கம், மற்றவர்கள் கொண்டுபோகப்பட்டபோது பெரும்பாலும் வாய்மூடி நின்றது.

நம் மண்ணில் வட்டம் இன்னும் சுருங்கியது. இங்கே ‘நம்மவர்’ திருச்சபையின் எல்லையோடுகூட நிற்கவில்லை. சாதிக்குள் போய் நின்றது. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தைப் பார்க்க இரண்டு கிளையாகக் கோயில் கட்டி, இடையில் சுவர் வைத்து, இரு சாதியார் தனித்தனியே ஜெபித்தார்கள். 1910ஐ ஒட்டி குருக்கள் அந்தச் சுவரை இடித்தபோது, இடித்தது தங்கள் உரிமையைப் பறித்த செயல் என்று ஒரு தரப்பு நீதிமன்றம் ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. நூறாண்டு ஆகியும் பாடம் ஏறவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மூண்ட மோதல், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் சாவதில் முடிந்தது. ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம். இருந்தும் ‘நம்மவர்’ யார் என்று கேட்டால் சாதிப் பெயர்தான் பதில்.

ஆதித் திருச்சபைக்கும் இந்த நோய் வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தி விநியோகத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். எபிரெய விதவைகள் முதலில். அதுவும் ஒரு வரிசைதான். அப்போஸ்தலர் அந்த வரிசைக்கு நியாயம் கற்பிக்கவில்லை. பொறுப்புக்கு ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர். ஒருவர் அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்த நிக்கொலா. விடுபட்ட தரப்பின் கையிலேயே விநியோகத்தின் சாவி போனது. நம் சபைகளில் எந்தச் சேகரம் இன்று இதைச் செய்யத் துணியும்?

இப்போது ஒரு மறுகேள்வி வரும்: வெளியாருக்குச் செய்தால் ஆள்பிடிக்கத் தூண்டில் போடுகிறார்கள் என்று பழி வருகிறதே, உள்ளுக்குள்ளேயே செய்துகொண்டால் என்ன? செய்து பாருங்கள். அப்போதுதான் பழி உண்மையாகும். உதவி உறுப்பினருக்கு மட்டும் என்றால், உதவி வேண்டுகிறவன் உறுப்பினராக வேண்டும். சேவை அங்கே சந்தாவுக்குக் கிடைக்கும் சலுகையாகிவிடுகிறது. உறுப்பினரா என்று கேட்காத உதவி ஒன்றே அந்தப் பழிக்குப் பதில்.

திருச்சபை உலகத்தின் கண்ணில் பட்டதும் அதனால்தான். 252 வாக்கில் கார்த்தேஜில் கொள்ளைநோய் பரவியபோது, நம்மவரை மட்டும் பராமரிப்பதில் பெருமை ஒன்றுமில்லை, நம்மைத் துன்புறுத்துகிறவர்களையும் கவனியுங்கள் என்ற பொருளில் ஆயர் சிப்ரியன் தன் மக்களிடம் பேசியதை அவர் வரலாறு பதிவு செய்திருக்கிறது. 362இல் ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவத்தை ஒழித்துப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் குமைகிறார்: இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நமக்கு வெட்கக்கேடு. பகைவனே கொடுத்த நற்சான்று இது. ‘நம்மவர் முதலில்’ என்று அந்தச் சபை நடந்திருந்தால் ஜூலியனுக்கு எரிச்சல்பட எதுவும் இருந்திருக்காது.

வேலூர் மருத்துவமனையும் அப்படிப் பிறந்ததே. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஓர் இரவில் மூன்று கணவர்கள் அவரிடம் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியரைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரில் ஒருவர்கூட ஐடாவின் ‘நம்மவர்’ இல்லை. அந்தச் சாவுகள்தாம் அவரை அமெரிக்காவில் மருத்துவம் படிக்க வைத்து, 1900இல் திரும்பவும் இங்கே கொண்டுவந்தன. வரிசைப்படி நடந்திருந்தால் அவர் தன் நாட்டிலேயே தன் மக்களுக்கு வைத்தியம் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, மிச்சம் என்ன? பெற்றவரைக் காக்கும் கடமை அப்படியே நிற்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. உறவு சொல்வது, யாருக்கு நீ கேட்காமலே பொறுப்பு என்பதை. யாரைக் கைவிடலாம் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இரண்டு தேவைகள் மோதும்போது, எது உயிரைத் தொடுகிறதோ அது முன்னே நிற்கும். தன்னை நேசிப்பவரை நேசிப்பது ஆயக்காரருக்கும் தெரிந்த வித்தை என்றார் இயேசு. அதைச் செய்ய ஒரு கட்டளையோ, சிலுவையோ, திருச்சபையோ தேவையில்லை. இரத்தமே அந்த வேலையைச் செய்துவிடும். இரத்தம் செய்யாத வேலைக்காகத்தான் அந்தக் கட்டளை வந்தது.

இதற்குப் பிறகும் வரிசையே சரி என்பவர்கள் ஒன்று செய்யட்டும். தங்கள் சபையின் கடந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கைச் சபையாருக்கு முன் விரித்து, நம்மவருக்கெல்லாம் செய்து முடித்தபின் வெளியாருக்கு என்று மிஞ்சிய தொகை எவ்வளவு என்று வாசித்துக் காட்டட்டும். அந்த இடத்தில் சொல்லத்தக்க ஒரு தொகை இருந்தால் வாதத்தைத் தொடரலாம். பூஜ்யம் இருந்தால், அவர்கள் பேசியது அன்பின் வரிசையைப் பற்றி அல்ல, கொடுக்காமல் இருப்பதற்கான நியாயத்தைப் பற்றி என்று ஒப்புக்கொள்ளட்டும்.